பந்தயப் பரிசும் அரசுத் தீர்வையும்: ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தைத் திங்கள் பிறந்ததும் ஜவ்வாது மலையைச் சூழ்ந்த ஊர்களில் காளைகள் ஓடத் தொடங்குகின்றன. திருப்பத்தூர், ஆலங்காயம், கணியம்பாடி, போளூர் என மலையின் நாற்புறமும் உள்ள சிற்றூர்களில் இதனை எருது விடும் விழா என்றும், காளை விடும் விழா என்றும், மாடு விடும் விழா என்றும் வழங்குவர். மதுரைப் பக்கத்து ஏறுதழுவுதலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே மனிதன் காளையை அணைகிறான். இங்கே காளை தன்னந்தனியே ஓடுகிறது. இருபுறமும் தடுப்புக் கட்டிய வீதியில் ஒரு முனையிலிருந்து அவிழ்த்து விடப்படும் காளை மறுமுனையை எத்தனை நொடியில் கடக்கின்றது என்பதே கணக்கு. குறைந்த நேரத்தில் கடந்த காளைக்கு முதற்பரிசு. அடுத்தடுத்தவற்றுக்கு இறங்குவரிசையில் பரிசுகள். சில ஊர்களில் முதற்பரிசு இலட்ச ரூபாயை எட்டுகின்றது. சில ஊர்களில் இருசக்கர வாகனம் தரப்படுகின்றது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கொம்புகளில் அலங்காரத் தட்டிகளைக் கட்டி விடுவதும், அவற்றை இளைஞர் பறிப்பதும் வழக்கம்.

இவ்விழாவின் பண்பாட்டுச் சிறப்பைப் பற்றியும், விலங்கு வதை பற்றியும் நிறையவே எழுதப்பட்டுள்ளது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017இல் மெரினாவில் எழுந்த கிளர்ச்சி, அவ்வாண்டு தமிழக அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டம், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றுத் தந்த தீர்ப்பு ஆகியவை யாவரும் அறிந்தவை. அத்திருத்தச் சட்டம் 'ஜல்லிக்கட்டு' என்னும் சொல்லுக்குள் மஞ்சுவிரட்டையும் வடமாட்டையும் எருது விடும் விழாவையும் அடக்கியது என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துக்கொண்டு மேலே செல்கிறோம். நாம் ஆராய விழைவது வேறொன்று. ஓடிய காளைக்குக் கிடைத்த பரிசுப் பணம் என்ன வகைப் பொருள்? உழைப்பின் ஊதியமா, ஊரார் தந்த அன்பளிப்பா, அல்லது சூதில் விழுந்த காசா? இக்கேள்விக்கு மதீனாவில் ஒரு விடை பிறந்தது. டெல்லியில் ஒரு விடை எழுதப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் வியப்பான சில செய்திகள் புலப்படுகின்றன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளை ஓடவிட்டதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஓடின. இது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி பெறாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் ஓடின. இளைஞரான இப்னு உமரும் அதில் கலந்துகொண்டார். பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே களத்தில் நிறுத்தாமல் தனித்தனி எல்லை வகுத்திருப்பது கவனிக்கத்தக்கது. இன்றைய விளையாட்டுச் சங்கங்கள் தொழில்முறையாளர், பொழுதுபோக்காளர் எனப் பிரிப்பதன் கருவை இதில் காணலாம். வென்றவருக்கு அண்ணலார் பரிசளித்தார்கள் என்னும் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அவர்களுடைய அள்பா என்னும் ஒட்டகத்தை ஒரு நாட்டுப்புற அரபியின் இளம் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தியதும் பதிவாகியுள்ளது.

பரிசு பற்றிய அடிப்படை விதி அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு நபிமொழியில் அமைந்துள்ளது. அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ ஆகிய தொகுப்புகளில் வரும் அம்மொழியின் கருத்து, ஒட்டகப் பாதம், குதிரைக் குளம்பு, அம்பு முனை ஆகிய மூன்றிலன்றி 'ஸபக்' இல்லை என்பதாகும். இங்கே ஓர் அரபுச் சொல் நுட்பம் உண்டு. நடு எழுத்துக்கு உயிர்க்குறி இட்டு 'ஸபக்' என்று படித்தால் பந்தயத்தில் வைக்கப்படும் பரிசுப் பொருள் எனப் பொருள்படும். ஒற்றாக 'ஸப்க்' என்று படித்தால் முந்துதல், அதாவது பந்தயமே எனப் பொருள்படும். பின்னதைக் கொண்டால் மூன்றைத் தவிர வேறு எந்தப் போட்டியும் கூடாது என்றாகிவிடும். முன்னதைக் கொண்டால், போட்டிகள் பல இருக்கலாம், ஆயினும் பரிசுப் பொருள் வைப்பது இம்மூன்றில்தான் என்றாகும். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்) முன்னதே சரியான பாடம் என்று நிறுவினார். ஓர் உயிர்க்குறியில் ஒரு சட்டமே தொங்குகின்றது! நம் மாணவர் இலக்கணப் பாடத்தில் சலிப்புறும்போதெல்லாம் இதனை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம்.

இந்த மூன்றின் பட்டியலை நீட்ட நேர்ந்த ஒரு முயற்சி ஹதீஸ் கலை நூல்களில் இடம்பெற்றுள்ளது. அப்பாஸியக் கலீஃபா மஹ்தீ (ஆட்சி 775–785) புறாக்களில் பெருவிருப்பம் உடையவர். அவரது அவைக்கு வந்த கியாஸ் பின் இப்ராஹீம் என்பவர் இந்நபிமொழியை ஓதும்போது 'அல்லது சிறகு' என ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னார். புறாப் பந்தயத்துக்கும் பரிசு ஆகும் என்று கலீஃபாவை மகிழ்விப்பதே நோக்கம். மஹ்தீ அவருக்குப் பதினாயிரம் திர்ஹம் கொடுத்தனுப்பினார். அவர் எழுந்து சென்றதும், அது ஒரு பொய்யரின் பிடரி என்று சாட்சி கூறி, அப்பொய்க்குக் காரணமான தம் புறாக்களை அறுக்கும்படி கட்டளையிட்டார். பொய்யென அறிந்த பின்னும் பணத்தைத் திரும்பப் பெறாதது ஏன் என்பது நமக்கு நெடுநாளைய ஐயம். அது நிற்க. பரிசு விதியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் எத்தனை பேருடைய பணம் கைமாறும் என்பதை அக்கால மக்கள் நன்கறிந்திருந்தனர் என்பதே இதில் கொள்ளத்தக்கது.

சட்ட மேதைகள் இப்பொருளைத் தனி இயலாகவே வகுத்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் 'அல்உம்மு' நூலில் இதனை விரித்தெழுதினார். அவருக்கு முன் இதனை எவரும் இயலாக்கியதில்லை என்று அவருடைய மாணவர் முஸனீ குறிப்பிடுவதாகச் சொல்லப்படுகின்றது. பரிசை யார் தருகிறார் என்பதில்தான் சட்டத்தின் அச்சாணி சுழல்கின்றது. ஆட்சியாளரோ பந்தயத்தில் கலவாத மூன்றாமவரோ தந்தால் ஆகும். போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும், 'நீ முந்தினால் உனக்கு. நான் முந்தினால் எனக்கு எதுவும் வேண்டாம்' என்று வைத்தாலும் ஆகும். இருவருமே வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளிக்கொள்வதெனில் அது 'கிமார்', அதாவது சூது. ஒவ்வொருவரும் ஈட்டுவதற்கும் இழப்பதற்கும் இடையே நிற்பதுதான் சூதின் இலக்கணம். இதற்கு விலக்காகப் பெரும்பான்மையோர் 'முஹல்லில்' என்னும் மூன்றாமவரை நுழைத்தனர். அவர் பணயம் எதுவும் வைக்கமாட்டார். ஆயினும் அவருடைய குதிரை மற்ற இரண்டுக்கும் ஈடானதாக இருத்தல் வேண்டும், பெயருக்கு நிறுத்திய நொண்டிக் குதிரையாக இருத்தல் ஆகாது. இமாம் மாலிக் (ரஹ்) இவ்வழியை ஏற்கவில்லை. எட்டாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் இப்னுல் கய்யிம் (ரஹ்) 'அல்ஃபுரூஸிய்யா' என்னும் நூலில் இதற்கு நேர்மாறாக, முஹல்லிலே தேவையில்லை என நெடிது வாதிட்டார்.

இவற்றுடன் ஓட்டத்தின் ஒழுங்கு பற்றிய விதிகளும் உண்டு. தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட வேண்டும். 'ஜலப்' கூடாது, குதிரையின் பின்னே ஆள் ஒருவரை ஓடவிட்டுக் கூச்சலிட்டு விரட்டுவதற்கு அப்பெயர். 'ஜனப்' கூடாது, களைத்த குதிரையிலிருந்து தாவி ஏறிக்கொள்ள மற்றொரு குதிரையைப் பக்கத்தில் நடத்திச் செல்வது அது. காளை ஓடும் வீதியின் இருமருங்கும் நின்று அதன் முதுகில் அறைந்தும் கத்தியும் விரட்டுவோரைக் காணும்போதெல்லாம் 'ஜலப்' என்னும் சொல் நம் நினைவுக்கு வருகின்றது. எல்லையில் ஒரு மூங்கிற்கோலை நட்டு, முந்தி வந்தவர் அதைப் பிடுங்கிக்கொள்வது அரபியர் வழக்கம். 'முந்துகோலைக் கைப்பற்றினான்' என்பது இன்றும் அரபுமொழியில் மரபுத்தொடராக நிலவுகின்றது. கலீஃபா ஹிஷாம் (ஆட்சி 724–743) காலத்தில் ஒரு பந்தயத்துக்கு நாலாயிரம் குதிரைகள் திரண்டன என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். பந்தயம் அரசவை வரை சென்றமை மிகையன்று.

இனி நம் மலையடிவாரக் காளைக்கு வருவோம். நபிமொழியில் உள்ளது 'ஹாஃபிர்'. அது குதிரை போன்றவற்றின் பிளவுபடாத குளம்பு. மாட்டின் பிளவுண்ட குளம்புக்கு அரபுமொழியில் 'ளில்ஃப்' என்பது பெயர். ஆதலின் மூன்றன் பட்டியலுக்குள் மாடு நேரடியாக வருவதில்லை. பட்டியலின் காரணம் போர்ப்பயிற்சி என்று கண்டோர் மாட்டை விலக்கினர். எனினும், போட்டியாளர் அல்லாத ஊரார் ஓடிய காளையின் உரிமையாளருக்கு மகிழ்ந்து கொடுப்பது ஒப்பந்தப் பரிசாகாது, வெறும் அன்பளிப்பு என்று கொள்ள இடமுண்டு. சிக்கல் வருவது பெயர்ப்பதிவுக் கட்டணத்தில். ஒவ்வொரு காளைக்கும் கட்டணம் வாங்கி, அப்பணத்தையே முதற்பரிசாகவும் இரண்டாம் பரிசாகவும் பகிர்ந்தால், கட்டியவர் அனைவரும் ஈட்டலுக்கும் இழத்தலுக்கும் இடையே நிற்கின்றனர். கட்டணம் தடுப்பு வேலிக்கும் கால்நடை மருத்துவப் பரிசோதனைக்கும் செலவாகி, பரிசு நன்கொடையாளரிடமிருந்து வந்தால் நிலைமை வேறு. விழாக் குழுவினர் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் வழக்கமாக இருக்கின்றது. இரண்டு பெட்டிகள் வைப்பது பெரிய செலவன்று.

வென்றவருக்குப் பரிசின்மீது உரிமை உண்டா என்பதிலும் மத்ஹபுகள் பிரிகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் வலுவானதெனக் காட்டும் கருத்துப்படி, பந்தய ஒப்பந்தம் கூலி ஒப்பந்தத்தைப் போல் கட்டுப்படுத்துவது. வென்றவர் வழக்காடியும் பெறலாம். ஹனஃபீ நூல்களிலோ, பரிசு அவருக்கு ஆகுமானது, தூய்மையானது. ஆயினும் கொடுக்க மறுத்தால் வற்புறுத்தி வாங்கும் உரிமை அவருக்கில்லை. முன்னதில் பரிசு ஊதியத்தின் சாயலைப் பெறுகின்றது. பின்னதில் அன்பளிப்பின் சாயலைப் பெறுகின்றது. கடற்கரையோரத்தில் ஷாஃபிஈ மத்ஹபினரும், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஹனஃபீ மத்ஹபினரும் மிகுதி. இந்தச் சட்ட வேறுபாடு வெறும் ஏட்டுச் சண்டை என்று கருதுவோர், இதே சண்டை சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்ததை அறிந்தால் கருத்தை மாற்றிக்கொள்வர்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி.ஆர். கார்த்திகேயன் என்னும் கார்ப் பந்தய ஆர்வலர் (ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரைன் கார்த்திகேயனின் தந்தை) அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில் கலந்துகொண்டார். டெல்லி, கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் ஒன்றில் தொடங்கி, நாட்டைச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டிய ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டம் அது. தனியார் கார்களுக்கு மட்டுமே இடம். விரைந்து வந்தவர் வெல்வதில்லை. விதிமீறலுக்கு அபராதப் புள்ளிகள் இட்டு, அவை குறைந்தவரே வென்றவர். இவருக்கு இந்தியன் ஆயில் நிறுவனம் தந்த 20,000 ரூபாயும், ராலி அமைப்பு தந்த 2,000 ரூபாயும் கிடைத்தன. 1974–75 மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி அதிகாரி இந்த 22,000 ரூபாயையும் வருமானத்தில் சேர்த்தார்.

வரிச் சட்டத்தின் பின்னணியை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில், தொழிலிலிருந்து வராத, தற்செயலான, மீண்டும் மீண்டும் வாராத வரவுகளுக்கு வரி இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விலக்கைத் தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டு நிதிச் சட்டம்தான் திருப்புமுனை. லாட்டரி, குறுக்கெழுத்துப் புதிர், குதிரைப் பந்தயம் உள்ளிட்ட பந்தயங்கள், சீட்டாட்டம், பிற விளையாட்டுகள், சூதாட்டம் ஆகியவற்றின் 'வெற்றிப் பணம்' வருமானம் என்னும் சொல்லுக்குள் புகுத்தப்பட்டது. விலக்கு 1,000 ரூபாய் வரை மட்டும் நின்றது. 2002ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதனையும் அகற்றியது. லாட்டரியும் கழனி உழும் மாடும் ஒரே தொடரில் அடுக்கப்பட்டதன் விளைவை அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

கார்த்திகேயன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1980இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 'வெற்றிப் பணம்' என்னும் சொல் சூதிலும் பணயத்திலும் கிடைப்பதையே குறிக்கும். ராலி என்பது பந்தயமும் அன்று, சூதும் அன்று. திறனையும் தாங்கும் ஆற்றலையும் சோதிப்பது என்பது அதன் கருத்து. 1993இல் உச்ச நீதிமன்றம் இதனை மாற்றியது. 'வெற்றிப் பணம்' என்பதைச் சூதோடு மட்டும் கட்டிவைக்க வேண்டியதில்லை. அவ்வுட்பிரிவுக்குள் அடங்காவிட்டாலும், வருமானம் என்பதன் வரையறை விரிந்தது. எனவே அப்பரிசு வருமானமே என்று கூறியது. உயர் நீதிமன்றம் திறனுக்குக் கிடைத்த பரிசைச் சூதிலிருந்து பிரித்தது. இது ஃபிக்ஹ் நூலார் நடந்த வழி. உச்ச நீதிமன்றமோ, கிடைத்தது எவ்வழி என்று பாராது, கிடைத்தது என்பதையே பார்த்தது. கருவூலத்தின் கண்ணோட்டத்தில் பிந்தையது எளிது என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1986 ஜனவரி 22 அன்று, மத்திய நேரடி வரிகள் வாரியம் 447ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. தொழில்முறையாளர் அல்லாத விளையாட்டு வீரருக்குத் தரப்படும் பரிசு அவருடைய தனிச்சிறப்பைப் பாராட்டித் தரும் அன்பளிப்பு, ஆகவே அவர் கையில் அது வரிக்குட்பட்ட வருமானம் ஆகாது என்பது அதன் சாரம். ஹனஃபீ நூலார் சொன்ன கருத்தின் மறுபதிப்பாகவே இது நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் இச்சுற்றறிக்கை பேசுவது வீரரைப் பற்றி. நம் ஊரில் ஓடுவது காளை. பரிசு பெறுபவர் உரிமையாளர். தீவனம் வைத்து, நாள்தோறும் நடத்திப் பழக்கி வளர்ப்பவரை விளையாட்டு வீரர் எனலாமா? எனலாம் என்பதே நம் கருத்து. காளையைப் பழக்குவதும் குதிரையைப் பழக்குவதும் ஒரே வகை உழைப்பு. மதீனாவில் 'தள்மீர்' என்று அதற்குத் தனிப்பெயரே இருந்தது.

குதிரைக்கு வரிச் சட்டம் காட்டிய பரிவைக் கண்டால் இது மேலும் விளங்கும். 1986ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 115பிபி என்னும் பிரிவைக் கொண்டுவந்து, வெற்றிப் பணத்துக்குத் தனி விகிதம் வகுத்தது. தொடக்கத்தில் 40 விழுக்காடு. பின்னர் 30 ஆகக் குறைக்கப்பட்டது. இதற்கு அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது. வேறு வருமானமே இல்லாத ஏழை விவசாயியும் முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடு செலுத்தியாக வேண்டும். 58(4)ஆம் பிரிவின்படி, அதனை ஈட்டச் செய்த செலவு எதையும் கழிக்கவும் முடியாது. ஆனால் பந்தயக் குதிரைகளை வைத்துப் பராமரிப்பவருக்கு மட்டும் இரண்டிலும் விலக்கு! அவர் தீவனச் செலவைக் கழிக்கலாம். 74ஏ பிரிவின்படி நட்டத்தை நான்கு ஆண்டுகள் வரை சுமந்து சென்று அவ்வகை வருமானத்திலேயே ஈடுகட்டலாம். இச்சலுகைக்குரிய குதிரைப் பந்தயம் எது என்பதற்குச் சட்டமே விளக்கமும் தருகின்றது: எதன்மீது சட்டப்படி பணயம் கட்டலாமோ அதுவே. பணயம் கட்டப்படும் ஓட்டத்துக்குச் சலுகை. பணயம் கட்டப்படாத ஓட்டத்துக்குச் சலுகை இல்லை. சூதைத் தவிர்க்க முஹல்லிலைத் தேடி அலைந்த நம் பழைய அறிஞர் பெருமக்கள் இவ்விளக்கத்தைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பர்?

தமிழகத்தின் நிலைப்பாடு ஒரு காலத்தில் இதற்கு எதிராக இருந்தது. 1974இல் குதிரைப் பந்தயத்தையும் அதன்மீதான பணயத்தையும் ஒழிக்க மாநில அரசு சட்டம் இயற்றியது. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறனைச் சார்ந்தது, சூதன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, கிண்டியின் குதிரைகள் தப்பின.

நடைமுறையில், பரிசளிப்போர் முன்னதாகவே வரியைப் பிடித்துக்கொள்ளும் கடமை எவருக்கு என்பதிலும் ஒரு இடைவெளி உண்டு. 194பி பிரிவு லாட்டரியையும் புதிரையும் சீட்டாட்டத்தையும் 'பிற விளையாட்டுகளையும்' சொல்கின்றது. 'பந்தயம்' என்னும் சொல் அதில் இல்லை. 194பிபி பந்தயத்தைச் சொல்கின்றது. ஆனால் குதிரைப் பந்தயத்தை மட்டும், அதுவும் உரிமம் பெற்ற களத்தாருக்கும் பணயத் தரகருக்கும். இடையில் நிற்கும் விழாக் குழு மேடையிலேயே முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுகின்றது. வரி பெறுபவர் தலையில் விழுகின்றது. அவரோ அதை அறிவதில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியது. 30 விழுக்காட்டை மாற்றவில்லை.

ஓர் இலட்ச ரூபாய்ப் பரிசைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். வெற்றிப் பணம் எனக் கொண்டால் 30,000 ரூபாய் வரி, அதன்மீது 4 விழுக்காடு மேல்வரி 1,200 ரூபாய்; ஆக 31,200. காளைக்கு ஓராண்டு வைத்த பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்கிற்கும் கழிவு ஏதும் இல்லை. ஃபிக்ஹின்படி இத்தகைய வரவு 'மால் முஸ்தஃபாத்', அதாவது புதிதாகக் கைக்கு வந்த பொருள். வந்த அன்றே அதற்கு ஸகாத் கடமையாவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கெனத் தனியே ஓராண்டு நிறைய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில், முன்பே நிஸாப் அளவு பணம் உடையவராயின், அதனோடு சேர்ந்து அதன் ஆண்டு முடிவில் கணக்காகும். வரி செலுத்தியபின் எஞ்சும் 68,800 ரூபாயும் ஆண்டு முடிவில் செலவாகாமல் கையிலிருந்தால் இரண்டரை விழுக்காடு, அதாவது 1,720 ரூபாய். அரசுக்குச் செலுத்திய 31,200ஐ இதற்கு ஈடாகக் காட்ட முடியாது.